மேய்ச்சல் நிலத்தில் ஒரு பந்தாட்டம்

கோல்ப் விளையாட்டைப் பற்றி ஒரு குடும்ப இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். வெட்டிச் சீர் செய்த புல்வெளி, சுற்றிலும் வேலியும் காவலும், மட்டைகளைச் சுமந்து பின்தொடரும் ஏவலாளர், ஓய்வு பெற்ற அதிகாரிகள், பெருந்தனக்காரர்கள் ஆகியவையே அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன. ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கடலிலுள்ள தென் யூயிஸ்ட் என்னும் தீவுக்குச் சென்ற ஜூன் மாதம் போய்வரும் வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நாம் சென்றது விளையாட்டைக் காண்பதற்காக அன்று. அத்தீவின் மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஸ்காட்லாந்தின் பெரும்பகுதி சீர்திருத்தச் சபையின் வயமானபோதும் முன்னோரின் விசுவாசத்தைக் கைவிடாதவர்கள். அவர்களுடைய ஆலயங்களையும், குன்றின்மேல் நிற்கும் தீவுகளின் அன்னையின் சுரூபத்தையும் கண்டு வணங்க வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆயினும் ஊர் திரும்பிய பின் நம் நினைவில் அடிக்கடி எழுவது, கடலோரப் புல்வெளியில் சாணம் உலர்ந்து கிடந்த இடத்துக்கு அருகே சிறு கொடியொன்று காற்றில் படபடத்துக் கொண்டிருந்த காட்சிதான்.

மாலேக் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்றரை மணி நேரம் சென்றால் லாக்பாய்ஸ்டேல் என்னும் சிற்றூரை அடையலாம். நம்முடன் வந்தவர் ஸ்காட்லாந்தில் மறைப்பணி ஆற்றிவரும் நம் நாட்டுக் குரு ஒருவர். கடல் சற்றே கொந்தளிப்பாக இருந்தது. குருவானவர் செபமாலையை எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் அமர்ந்துவிட்டார். நாமோ கீழே, செபிக்கவும் இயலாத நிலையில் கிடந்தோம்.

தீவு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 22 மைல் நீளம் உடையது. மக்கள் தொகை 1,700 அளவுதான். கிழக்கே மலை, அவற்றுள் உயர்ந்ததாகிய பென் வோர் 2,000 அடிக்குச் சற்று மேற்பட்டது. நடுவே ஏரிகளும், கரிய பீட் சதுப்பும். மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரமாக, தீவின் முழு நீளத்துக்கும் ஒரு பசும் சமவெளி ஓடுகிறது. அதனை அம்மக்கள் தங்கள் கேலிக் மொழியில் மாக்கர் என்று அழைக்கின்றனர். மரம் என்று சொல்லத்தக்கது மிக அரிது. கிளைவிட்டு எழுவதற்குக் காற்று இடங்கொடுப்பதில்லை.

இந்த மாக்கர் நிலம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. கடல் அலைகள் நொறுக்கி ஒதுக்கிய கிளிஞ்சல் மணலைக் காற்று அள்ளி வந்து கரைமேல் தூவுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மணலின்மேல் புல் படர்ந்து, ஆடும் மாடும் மேய்ந்து எருவிட்டு, மனிதன் கடற்பாசியைச் சுமந்து வந்து பரப்பி உழுது உண்டான நிலம் இது. உள்நாட்டுப் பீட் நிலம் புளிப்பு மிகுந்தது, பயிருக்கு ஆகாது. மணலில் உள்ள சுண்ணாம்பே மாக்கருக்கு வளம் தருகிறது. ஓட்ஸ், ரை, உருளைக்கிழங்கு முதலியன இங்கே விளைகின்றன. ஒரு பகுதி உழப்படும்போது மறு பகுதி தரிசாகக் கிடக்கும். அத்தரிசில் ஜூன், ஜூலை மாதங்களில் பூக்கும் காட்டுப் பூக்களை எண்ணி முடியாது. நம் கானாங்கோழியின் இனத்தைச் சேர்ந்த கார்ன்கிரேக் என்னும் பறவை அப்பூக்களுக்கிடையே மறைந்திருந்து, சீப்பின் பற்களை நகத்தால் உரசுவது போன்ற குரலில் இரவெல்லாம் கத்துகிறது. பிரிட்டனின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துபோன இப்பறவை இத்தீவுகளில் இன்னும் வாழ்கின்றது.

நெய்தலும் முல்லையும் மருதமும் ஒரே துண்டு நிலத்தில் கூடினால் எப்படியிருக்கும் என்று கேட்டால், மாக்கரைத்தான் காட்டுவோம்.

இங்குள்ள உழவர்களைக் கிராப்டர் என்பர். ஒவ்வொருவருக்கும் வீட்டைச் சுற்றிச் சிறு குத்தகை நிலம் உண்டு. அதனைத் தவிர, ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் இத்தனை மாடு, இத்தனை ஆடு மேய்க்கலாம் என்ற பங்கும் உண்டு. இந்தப் பங்கு இல்லையேல் அவர் உழவரே அல்லர். அவருடைய சொந்த நிலத்தின் விளைச்சல் ஒரு குடும்பத்துக்குப் போதவே போதாது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னே வரும் வழக்கு முழுவதும் இதைப் பற்றியதே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டாலிபர்க் என்னும் ஊரிலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் திருப்பலியில் பங்குகொண்டோம். பாடல்கள் கேலிக் மொழியில் ஒலித்தன. மொழி விளங்கவில்லை என்றாலும், கடலோர மக்கள் பாடும்போது குரலில் ஏறி இறங்கும் ஓர் அலை உண்டல்லவா, அது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. திருப்பலி முடிந்ததும் இளைஞர் சிலர் தம் வண்டிகளின் பின்பக்கத்தைத் திறந்து நீண்ட பைகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தனர். மீன் பிடிக்கச் செல்கிறார்களோ என்று வினவினோம். கோல்ப் விளையாடச் செல்வதாகச் சொன்னார்கள். வடக்கே லூயிஸ், ஹாரிஸ் தீவுகளில் வாழும் சீர்திருத்தச் சபையினர் ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக அனுசரிப்பவர்கள். அங்கே ஞாயிறன்று பந்தைத் தொடுவதும் நெடுங்காலம் கூடாத செயலாயிருந்தது. இங்கே பூசை கண்டபின் விளையாடத் தடையில்லை. நம் குருவானவர் இதைக் கேட்டு மிக மகிழ்ந்து, அப்போதே புறப்படலாம் என்று நம்மை அவசரப்படுத்தினார்.

டாலிபர்க்கிலிருந்து இரண்டு மைல் தொலைவுக்குள் இருக்கிறது அஸ்கர்னிஷ். வாயில் வளைவோ, காவற்கூண்டோ இல்லை. வயல்களுக்கிடையே ஒரு குறுகிய பாதை சென்று எளிய கட்டடம் ஒன்றின்முன் முடிகிறது. அதற்கு அப்பால் புல்லும் மணற்குன்றும் கடலும்தான். எவரும் கட்டணம் செலுத்தி விளையாடலாம். குலம் கோத்திரம் விசாரிப்பார் இல்லை. புனித அந்திரேயாவின் பெயர் தாங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், உலகப் புகழ் பெற்ற பழைய திடலில் ஒரு முறை ஆடுவதற்கு, கோடைகாலத்தில் 300 பவுனுக்கு மேல் ஆகிறது. அதை நோக்க இங்கே செலவு வெகு குறைவு. இப்படியொரு மலிவான திடல், அதுவும் ஆடுமாடு மேய்க்கும் சிற்றூரில், எப்படித் தோன்றியது? அதற்குப் பழங்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தென் யூயிஸ்ட் மக்களின் விசுவாசம் இலகுவாகக் காக்கப்பட்டதன்று. குருக்கள் இன்றித் தவித்த அவர்களிடம் 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தனர். பின்னர், ஏழைகளின் தந்தை என்று நாம் போற்றும் புனித வின்சென்ட் தே பவுல் தம் சபைக் குருக்கள் இருவரை 1651ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவரான அருட்தந்தை டெர்மட் டுகன் இத்தீவுகளில் ஓயாது உழைத்து, 1657ஆம் ஆண்டில் யூயிஸ்டிலேயே உயிர் நீத்தார். அதன்பின் 1770ஆம் ஆண்டளவில் பாய்ஸ்டேல் பகுதியின் நிலக்கிழார் தம் குடிகளைக் கோல்கொண்டு மிரட்டிப் பிரிவினைச் சபைக்கு ஓட்ட முயன்றார். அவர் கையிலிருந்தது மஞ்சள் நிறக் கோலாகையால், 'மஞ்சட்கோல் மதம்' என்று மக்கள் எள்ளினர். மதம் மாறுவதைவிட நாடு மாறுவதே மேல் என்று துணிந்தோர், 1772ஆம் ஆண்டில் 200க்கு மேற்பட்ட கத்தோலிக்கரை ஏற்றிக் கனடாவின் கிழக்குத் தீவொன்றுக்குச் சென்ற கப்பலில் புறப்பட்டனர்.

அதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 1838ஆம் ஆண்டில் தீவைக் கர்னல் ஜான் கார்டன் என்னும் செல்வர் விலைக்கு வாங்கினார். 1846இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த குடிகளைப் பாரம் என்று கருதிய கார்டன், அவர்களை அப்புறப்படுத்தி அவ்விடத்தில் ஆட்டுப் பண்ணை வைக்க எண்ணினார். 1851ஆம் ஆண்டில் மட்டும் 1,500க்கும் அதிகமான மக்கள் அவருடைய தீவுகளிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். மலைகளில் ஓடி ஒளிந்தவர்களைத் துரத்திப் பிடித்துக் கட்டி ஏற்றியதும் உண்டு. அவ்வாறு கப்பல் நின்ற துறைகளுள் ஒன்று, நாம் சுகமாக வந்து இறங்கிய அதே லாக்பாய்ஸ்டேல்.

கார்டனின் மகனை மணந்து, கணவர் இறந்தபின் தீவை உடைமையாகப் பெற்றவர் கார்டன் காத்கார்ட் சீமாட்டி. 1932ஆம் ஆண்டில் இறக்கும் வரை அவரே உரிமையாளர். தீவில் அவர் கால் வைத்தது மிக மிக அரிது. காரியஸ்தர்களைக் கொண்டே ஆண்டுவந்தார். அக்காலத்தில் செல்வர்கள் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் தீவுகளுக்கு வரத் தொடங்கியிருந்தனர். அவர்களை ஈர்ப்பதற்குக் கோல்ப் திடல் ஒன்றும் வேண்டும் என்று சீமாட்டி கருதினார். எனவே 1891ஆம் ஆண்டில், செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் காவலராக இருந்த டாம் மாரிஸ் என்னும் முதியவரை அழைத்தனர். மாரிஸ் அக்காலத்து ஆட்டக்காரர்களுக்கெல்லாம் தந்தை போன்றவர். பிரிட்டனின் தலையாய போட்டியை நான்கு முறை வென்றவர். அப்போது அவருக்கு வயது 70. திடல் வகுப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு பவுன் கூலியும் வழிச் செலவும் பெறுவது அவருடைய வழக்கம். ஹோரஸ் ஹட்சின்சன் என்னும் ஆங்கில ஆட்டக்காரரோடு வந்திறங்கி, அஸ்கர்னிஷ் மாக்கரில் நடந்து, 18 குழிகளுக்கு இடம் குறித்தார். மண்ணை வெட்டவில்லை, மேட்டைச் சரிக்கவில்லை. காற்றும் கடலும் செய்து வைத்திருந்த மேடுபள்ளங்களில் பொருத்தமானவற்றைத் தேர்ந்துகொண்டார், அவ்வளவே.

அதே ஆண்டுகளில் டாலிபர்க்கில் பங்குத்தந்தையாக இருந்தவர் அருட்தந்தை ஆலன் மக்டானல்ட். 1884ஆம் ஆண்டில் அப்பங்கிற்கு வந்த இவர் கேலிக் மொழிப் புலவர். மக்களின் பாடல்களையும் செபங்களையும் வழக்காறுகளையும் தொகுத்துக் காத்தவர். குடிகளின் உரிமைகளுக்காகக் காரியஸ்தர்களை எதிர்த்து நின்றவர். பின்னர் அடுத்துள்ள எரிஸ்கே தீவுக்குச் சென்று, 1903ஆம் ஆண்டில் அங்கே ஆலயம் எழுப்பி, 46 வயது நிரம்பு முன்னரே 1905ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். ஒரு புறம் விருந்தினருக்காகப் பந்து உருளும் திடல். இரண்டு மைலுக்கு இப்பால், நிலம் போதாமல் வருந்தும் குடிகளோடு அவர்களுடைய குரு. அக்காலத்து அஸ்கர்னிஷை நாம் இவ்வாறுதான் எண்ணிப் பார்க்கிறோம்.

இவ்விடத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு சொல். கோல்ப் தோன்றியது மாளிகைகளில் அன்று. கிழக்கு ஸ்காட்லாந்தில் கடலுக்கும் கழனிக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல் நிலங்கள் உண்டு. அவற்றில் மழைநீர் தங்காது. ஆடும் முயலும் கொறித்துக் கொறித்துப் புல் கட்டையாக இருக்கும். சிறு பந்தைக் கோலால் தட்டிக் குழியில் விழச் செய்யும் ஆட்டம் அங்கேதான் ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி வளர்ந்தது. மக்கள் வில் பயிற்சியை மறந்து இதிலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று சினந்து, இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1457ஆம் ஆண்டில், பாராளுமன்றம் தடைவிதித்தது. தடை பலித்ததாகத் தெரியவில்லை. 1552ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஹாமில்டன் ஒரு சாசனம் எழுதினார். அதன்படி அக்கடற்கரை நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமை பேராயருக்கு. கோல்ப் முதலிய ஆட்டங்கள் ஆடும் உரிமை நகர மக்களுக்கு. ஒரு கத்தோலிக்கப் பேராயர் கோல்ப் ஆட்டத்துக்குப் பொதுவுரிமைச் சாசனம் அளித்தார் என்ற செய்தி நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். நம் குருவானவருக்கும் புதிதாகவே இருந்தது. முயல்கள் மட்டும் சாசனத்தை மீறி இரு தரப்பு நிலத்திலும் வளைதோண்டியிருக்கும் என்றார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் கோல்ப் ஆடப்பட்ட நிலம் உழவனுக்கு வேண்டாத நிலம். யூயிஸ்டிலோ மாக்கர்தான் உழவனிடம் உள்ள நிலங்களில் சிறந்தது. ஆகவே அங்கே விளையாட்டாக இருந்தது இங்கே பூசலுக்கு வித்தாயிற்று.

சீமாட்டியின் விருந்தினர் வருகை குறைந்தது. 1930களில் திடலின் ஒரு பகுதி சிறு விமானங்கள் இறங்கும் தளமாயிற்று. போர் வந்தது. மணற்குன்றுகளுக்கிடையே டாம் மாரிஸ் குறித்த குழிகளின் மேல் புல் மூடியது. சமதரையில் ஒன்பது குழிகள் கொண்ட சிறு திடலை மட்டும் உள்ளூர் ஆர்வலர் சிலர் தாமே புல் வெட்டிக் காத்துவந்தனர். பழைய வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில், புல்தரைப் பராமரிப்பில் தேர்ந்த கார்டன் இர்வின் என்பவர் இங்கே வந்தார். மாரிஸ் இட்ட திடலின் எஞ்சிய பகுதி இதுவென்று காட்டப்பட்ட சமதரை அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. பக்கத்திலிருந்த மணற்குன்றுகளின்மேல் ஏறிப் பார்த்தவர், அம்முதியவர் தேர்ந்திருக்கக்கூடிய இடங்கள் அங்கே கண்முன் கிடப்பதைக் கண்டார். அத்திடலை மீட்கத் தம் உழைப்பை ஊதியமின்றி அளிக்க முன்வந்தார். மார்ட்டின் எபர்ட் என்னும் திடல் அமைப்பாளரும் பிறரும் உதவினர். கடல் கடந்த நாடுகளின் ஆட்டக்காரர்கள் ஆயுட்காலச் சந்தா செலுத்திக் கைகொடுத்தனர். இம்முறையும் மண்வெட்டும் பெரும் எந்திரங்களுக்கு அதிக வேலையில்லை. புல்லைத் தக்க உயரத்துக்கு வெட்டுவதே பெரும்பணி. 18 குழிகளும் கொண்ட திடல் 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது.

இதற்கிடையே தீவில் இன்னொரு பெரிய நிகழ்ச்சி நடந்தது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அன்றைய தினம் தென் யூயிஸ்டும் அதனைச் சார்ந்த தீவுப் பகுதிகளுமாக 93,000 ஏக்கர் நிலம், தனியார் சிலரின் கூட்டுடைமையிலிருந்து அங்கு வாழும் மக்களின் சொந்த நிறுவனத்துக்கு மாறியது. 'யூயிஸ்டின் செல்வம்' என்று பொருள்படும் ஸ்டோரஸ் ஊயிஷ்ட் என்பது அதன் பெயர். விலை 45 இலட்சம் பவுன். இன்ன கோல், இன்ன சட்டம் என்று பிறர் ஆட்டி வைக்க ஆடிய குடிகளின் பேரப்பிள்ளைகள், மண்ணுக்கு உடையவராயினர். இதை வாசிக்கும்போது உள்ளம் குளிர்கிறதல்லவா? நமக்கும் குளிர்ந்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

திடலை விரிவாக்கும் திட்டம் வெளியானதும் கிராப்டர்களில் ஒரு சாரார் எதிர்த்தனர். மேய்ச்சற்பங்கு தங்களுடையது, அதன்மேல் கோல்ப் விரிந்தால் இன்று குழி, நாளை வேலி, மறுநாள் மாட்டுக்குத் தடை என்று ஆகாதா என்பது அவர்கள் அச்சம். மறு சாரார், இளைஞருக்கு வேலை வேண்டும், பயணிகள் வர வேண்டும், பள்ளி மூடாமல் இருக்க வேண்டும் என்றனர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இதில் நம்மைச் சிந்திக்க வைத்தது என்னவெனில், முன்னாளில் எதிர்த்து நிற்க ஒரு கர்னலோ சீமாட்டியோ இருந்தனர். இப்போது நிலத்துக்கு உடையவர்கள் மக்களே. வழக்காடிய இருவரும் ஞாயிறன்று ஒரே ஆலயத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் முழந்தாளிட வேண்டியவர்கள். செய்தித்தாள் படிப்பவர்க்கு இது சிறு செய்தி. 1,700 பேர் வாழும் தீவில் அது எத்தகைய புண்ணாக இருந்திருக்கும் என்பதைச் சிற்றூரில் பிறந்தவர்கள் அறிவார்கள்.

திடலும் நின்றது, மாடும் நின்றது. குளிர்காலத்தில் மாடுகளும் ஆடுகளும் திடலில் மேய்கின்றன. கோடையில் புல்வெட்டும் எந்திரம் அவற்றின் வேலையைத் தொடர்கிறது. பூச்சிமருந்தும் இரசாயன உரமும் இட்டுப் பசுமை காட்டும் வழக்கம் இங்கே இல்லை. ஆகையால் புல் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் பழுப்பாகவும், சில இடங்களில் மஞ்சட் பூக்களாகவும் இருக்கிறது. பணக்கார ஊர்களின் திடல்களைப் படங்களில் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஏமாறுவார்கள்.

நாம் நடந்து பார்த்தோம். முதல் ஆறு குழிகள் சமதரையில் அமைந்தவை. ஏழாவதிலிருந்து மணற்குன்றுகள் தொடங்குகின்றன. அங்கே ஏறியதும் கடல் முழுதும் கண்முன் விரிந்தது. அப்பால் அமெரிக்கா வரை நிலம் இல்லை என்று குருவானவர் சொன்னார். பதினாறாவது குழிக்கு 'முதிய டாமின் பிரசங்கத் தொட்டி' என்று பெயர். அந்த உயரத்தில் நின்று பார்த்தபோது பெயர் பொருத்தமாகவே பட்டது. ஆனால் அங்கே பிரசங்கம் செய்வது காற்று ஒன்றே. மனிதன் வாய் திறந்தால் சொல் பக்கத்தில் நிற்பவருக்கும் எட்டாது. இளைஞர் ஒருவர் இரக்கப்பட்டுத் தம் மட்டையை நம் கையில் தந்து ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொன்னார். முதல் வீச்சு காற்றில் போயிற்று. இரண்டாவது, புற்கட்டியைப் பெயர்த்தது. அதை எடுத்து அவர் பத்திரமாக உரிய குழியில் பதித்துக் காலால் மிதித்தார். மாட்டுக்குரிய புல்லை வீணாக்கக்கூடாதாம். மூன்றாவது முறை பந்து எழுந்து, நல்ல தொலைவு பறந்து, முயல் வளைக்குள் இறங்கிவிட்டது. பேராயர் ஹாமில்டனை நினைத்துக்கொண்டோம்.

மாலையில் தீவுகளின் அன்னையைக் காணச் சென்றோம். 1950களில் தீவின் மாக்கரில் இராணுவ ஏவுகணைத் தளம் அமைக்க அரசு முனைந்தபோது, நிலமும் மொழியும் விசுவாசமும் அழியுமே என்று அருட்தந்தை ஜான் மாரிசன் மக்களைத் திரட்டி எதிர்த்தார். தளம் வந்தது, ஆனால் முதலில் திட்டமிட்ட அளவுக்கு இல்லை. 1957ஆம் ஆண்டில் ரூவால் குன்றின் சரிவில் அன்னையின் கருங்கற் சிலை நிறுவப்பட்டது. சிற்பி ஹியூ லாரிமர். உயரம் ஏறத்தாழ 30 அடி. அன்னையின் தோளில் அமர்ந்த குழந்தை இயேசு கையுயர்த்தி ஆசி அளிக்கிறார். அதே குன்றின் உச்சியில் இராணுவத்தின் கண்காணிப்புக் கருவிகள். கீழே மாக்கர் முழுவதும், உழுத நிலமும் தரிசும், அந்தி வெயிலில் ஒட்டுப்போட்ட துணி போல் கிடந்தது.

அங்கே நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அஸ்கர்னிஷ் மேய்ச்சலில் பங்குடையவர். அக்காலத்தில் திடலை எதிர்த்தவர்களுள் ஒருவர். காலையில் ஆலயத்தில் நம்மைக் கண்டு, மறுநாள் தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் அளித்தார். இன்னும் அத்திடல் அவருக்கு முழு மனநிறைவு தரவில்லை. இப்போது மாடு மேய்வது உண்மைதான், ஆனால் இப்போதுள்ள நிர்வாகிகள் மாடு வளர்த்த வீடுகளில் பிறந்தவர்கள், நாளை வருவோர் அப்படி இருப்பார்களா என்பது அவர் கேள்வி. நம்மிடம் விடையில்லை. அவர் முன்னோரில் சகோதரர் இருவர் 1851இல் கப்பலேறினர். அவர்கள் வழியினர் கனடாவிலிருந்து கோடையில் வருகிறார்கள். வருபவர்கள் தம்மை விசாரிப்பதற்கு முன் கோல்ப் திடலுக்கு வழி கேட்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் கசப்பு கொஞ்சம் இருந்தது. முழுவதும் கசப்பு என்று சொல்ல மாட்டோம். அவருடைய பேத்தி அத்திடலில் ஆடுகிறாள். பத்து வயதுச் சிறுமி. அவளுக்காகத் தம் கொட்டிலில் பழைய மட்டை ஒன்றை அளவாக அறுத்துக் கைப்பிடியில் தோல் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அதை நமக்குக் காட்டும்போது, மட்டையைப் பற்றி நமக்கு ஏதும் தெரியாது என்பதை அறிந்தும், பிடி சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

கடல் நாளுக்கு நாள் மணற்குன்றை அரிக்கிறது என்பதும் அவர் கவலை. 2005ஆம் ஆண்டு ஜனவரி 11 இரவு வீசிய பெரும் புயலில் தீவின் வடமுனையில் ஒரே குடும்பத்தினர் ஐவர் கடலுக்கு இரையாயினர். அந்த இரவைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். குன்று கரைந்தால் பந்துக்கும் இடமில்லை, மாட்டுக்கும் இடமில்லை என்று சொல்லி எழுந்தார்.

கப்பலுக்கு நேரம் இருந்தது. மேய்ச்சல் நிலத்து வேலியைப் பார்த்துவர அவருடன் நாமும் நடந்தோம். ஓரிடத்தில் புல்லுக்குள் வெள்ளைப் பந்தொன்று கிடந்தது. அவர் மெல்லக் குனிந்து எடுத்து, கால்சட்டையில் துடைத்து, வேலிக் கம்பத்தின் தலையில் அதை நிறுத்தி வைத்தார். காற்று தள்ளுகிறதா என்று சற்று நேரம் பார்த்தார். தள்ளவில்லை. உரியவர் அவ்வழியே வந்தால் எடுத்துக்கொள்வார் என்று கூறிவிட்டு, அடுத்த கம்பத்தை அசைத்துப் பார்க்கச் சென்றார்.